எப்பவும் போல இருப்பதற்கு நாங்கள் பட்ட பாடு

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. ஏழாவதாக வளர்த்தவன் என் தங்கை மகன் சின்னராசு. அவன் கல்யாணத்தன்று காலையில் என் வாசலுக்கு ஒரு அடுப்பு வந்தது.

பனி இன்னும் விலகவில்லை. வாசலில் கட்டிய வாழைமரம் சொட்டிக்கொண்டு நின்றது. பெண்வீட்டு மேளம் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது. மேளத்துக்கு முன்னால் பெண்ணின் அம்மா கருப்பாயி. அவள் தலையில் சிவப்பாக என்னவோ இருந்தது. மஞ்சள் குங்குமம் பூசி, செவ்வந்தி மாலை போட்டு, முன்னால் தும்பிக்கை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"பிள்ளையாரச் சுமந்துக்கிட்டு வாராங்களாட்ட இருக்குது" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

பனி கொஞ்சம் விலகியதும் அது பிள்ளையார் இல்லை என்று தெரிந்தது. புகையில்லா அடுப்பு. தும்பிக்கை என்று நினைத்தது அதன் புகைக்குழாய்.

அதே நேரம் கீழே வளைவில் ஹாரன் சத்தம். ஃபவுண்டேஷன்காரர்களின் ஜீப்.

"அட சாமி, ரெண்டும் ஒண்ணா வருது" என்றார் வீட்டுக்காரர்.

இந்த மாதிரி அடுப்பு ஒன்றுகூட எங்கள் ஊருக்குள் நுழையாது என்று அந்த ஃபவுண்டேஷனுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அடுப்பை வாங்கினால் என் வாக்குப் போகும். வாங்காவிட்டால் சின்னராசுவின் கல்யாணம் போகும்.

அதற்குள் அவசரப்படாதீர்கள். அடுப்பைக் கருப்பாயி தலையிலேயே வைத்திருக்கட்டும். அவள் கழுத்து தாங்கும். நாம் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

போன வாரம் இதே பக்கத்தில் நான் கரடியை விரட்டியதைப் படித்துவிட்டு நாமக்கல்லிலிருந்து ஒருவர், பிறகு கரடிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதியிருந்தார். கரடி நலம்.

இன்னொருவர், இவ்வளவு நல்ல தமிழை நீங்களா எழுதுகிறீர்கள் என்று கேட்டிருந்தார். நான் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். என் மகள் வயிற்றுப் பேத்தி அனிதா அதைப் பார்த்து நல்ல எழுத்தில் எழுதிக் கொடுப்பாள். தமிழ் அவளுடையதும் என்னுடையதும். புத்தி முழுக்க என்னுடையது.

மூக்கை அளந்தவர்கள்

எங்கள் மலைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வருவது புதிதில்லை.

நான் மருமகளாக வந்த புதிதில் கண்ணாடி போட்ட ஒருவர் வந்து என் மாமனாரின் மூக்கை அளந்தார். இடுக்கி மாதிரி ஒரு கருவி. நீளம், அகலம், இரண்டு ஓட்டைக்கும் நடுவில் உள்ள தூரம், எல்லாம் அளந்தார். மாமனார் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். அளந்து முடித்ததும், "நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இருக்கு, இருக்கு. எழுதி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மாமனார் சாகிற வரைக்கும் தபால்காரரைக் கண்டால் மூக்கைத் தடவிக்கொள்வார். மூக்கைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

அப்புறம் ஒரு டிரஸ்ட் வந்தது. வீட்டுக்கு வீடு ரோஸ் கலரில் ஒரு சின்ன அறை கட்டிக் கொடுத்தது. குளிப்பதற்காம். அவ்வளவு அழகான அறையில் தண்ணீர் ஊற்ற யாருக்கும் மனசு வரவில்லை. குச்சிக்கிழங்கு போட்டு வைத்தோம். எலி ஏறாது. அவர்கள் வந்து பார்த்துவிட்டு முகம் வாடிப் போனார்கள். எங்களுக்கும் பாவமாக இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் கிழங்கு கொடுத்து அனுப்பினோம்.

இந்த அடுப்பு ஃபவுண்டேஷன் அப்படியில்லை. முதலாளியின் தாத்தா மெத்தையும் தலையணையும் விற்றுச் சம்பாதித்தவராம். பேரன்கள் அதில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். தர்மம் என்றால் சோறு போடுவதில்லை. ஒரு பொருளைக் கொடுத்தால் மக்களுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது. நன்மை ஆகிறது என்று தெரிந்தால் கவர்மெண்டிடம் சொல்லி நாடு முழுக்கக் கொடுக்க வைப்பது.

நாங்கள் ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்தால் அதோடு மறந்துவிடுவோம். இவர்கள் கொடுத்துவிட்டு மாதாமாதம் வந்து பார்ப்பார்கள். அதுதான் வித்தியாசம். தலையணைகூட ஒன்று கொண்டுவந்திருக்கலாம். கொண்டுவரவில்லை.

நாங்கள்தான் வள்ளம்

அவர்கள் சார்பில் வந்தவள் வித்யா. பட்டணத்துப் பெண். மெலிந்த உடம்பு, பெரிய பை, காலில் அட்டை கடித்தால் கத்தாத குணம். அதனாலேயே எனக்குப் பிடித்துப் போனது.

எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. எங்கள் ஊர் திண்ணனூர் நாட்டில் இருக்கிறது. ஓடையைத் தாண்டி ஒரு மேடு ஏறினால் தேவனூர் நாட்டு ஊர். கருப்பாயி ஊர் அதுதான். கருப்பாயியை அவள் பாவாடை கட்டின நாளிலிருந்தே எனக்குத் தெரியும். அப்போதே கழுத்து வளையாதவள்.

வித்யா இரண்டு ஊர்க்காரர்களையும் சந்தையில் கூட்டி வைத்து, ஒரு சொம்பில் இரண்டு சீட்டுப் போட்டாள். ஒரு ஊருக்கு வீட்டுக்கு வீடு புகையில்லா அடுப்பு. இன்னொரு ஊருக்கு ஒன்றும் கிடையாது, கேள்வி மட்டும். சீட்டில் கருப்பாயி ஊர் வந்தது. அவர்கள் கையைத் தட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் கண்ணு, எங்களுக்கு ஒண்ணுமில்லைன்னா எங்கள எதுக்கு இவ்வளவு தூரம் நடக்க வெச்சே?"

"ஆயா, நீங்கதான் முக்கியம். அவங்க எவ்வளவு மாறியிருக்காங்கன்னு உங்களை வெச்சுத்தான் அளப்போம். நீங்க மாறாம இருந்தாத்தான் அளக்க முடியும். எப்பவும் போல இருங்க, அது போதும். ரெண்டு வருஷம் முடிஞ்சதும் உங்களுக்கும் அடுப்பு வரும்."

அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் தானியம் அளக்க ஒரு வள்ளம் இருக்கிறது, மூங்கிலில் செய்தது. சாமை அளந்தாலும் அதில்தான், கேழ்வரகு அளந்தாலும் அதில்தான். சாமை மூட்டைக்குப் போகும், விற்கும், வேகும். வள்ளம் மட்டும் வீட்டிலேயே இருக்கும். அதைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் எடுப்போம்.

எழுந்து நின்று ஊர்க்காரர்களிடம் சொன்னேன்.

"தலைய நிமித்துங்க. அவங்க சாமை. நாம வள்ளம். வள்ளத்துக்கு ஆராச்சும் அடுப்புக் குடுப்பாங்களா?"

கூட்டத்தில் இருந்த கருப்பாயிக்குத் தட்டிய கை அப்படியே நின்றது.

வித்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஆயா, ஒரே ஒரு விஷயம். அந்த அடுப்பு எப்படியாவது உங்க ஊருக்குள்ள வந்துட்டா என் ஆராய்ச்சி கெட்டுடும். என் வேலையும் போயிடும்."

"ஒரு அடுப்புகூட வராது. நான் பொறுப்பு" என்று அவள் கையில் அடித்துச் சொன்னேன்.

இருமல் ஒத்திகை

எப்பவும் போல இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருத்தி வீட்டுக்கு நீலச் சுண்ணாம்பு அடிக்கப் போனாள். நிறுத்தினேன். ஒருவர் மீசையை எடுத்துவிட்டு வந்தார். வித்யா வருவதற்குள் வளர்த்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் வீட்டுக்காரர் புதுச் செருப்பு வாங்கி வந்தார். அதை மேலே பரணில் போட்டேன்.

"ஏ புள்ள, செருப்புக்கும் அடுப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"ஏனுங்க, வள்ளம் செருப்புப் போடுமுங்களா?"

அவர் வெறுங்காலோடு போய்விட்டார்.

வித்யா மாதாமாதம் வந்து கேள்வி கேட்பாள். இந்த வீட்டில் முடிவெடுப்பது யார் என்று ஒரு கேள்வி. வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, "நான்தானுங்க" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "அப்படிச் சொல்லலாமுல்ல?" என்று கேட்டார். வித்யா எதை எழுதிக்கொண்டாள் என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

அந்த ஊரில் வேறு கேள்வி. அடுப்பு வந்ததால் மிச்சமாகும் நேரத்தில் என்ன செய்கிறீர்கள்? கருப்பாயி சொன்னாளாம், "நீங்க கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லவே அந்த நேரம் சரியாப் போகுதுங்க."

எங்கள் ஊரில் முக்கியமான கேள்வி இருமல். காலையில் இருமுகிறீர்களா, சமைக்கும்போது இருமுகிறீர்களா, இப்படி. புகையில் இருமுவது அந்த ஊரில் குறைந்திருக்கிறதா என்று எங்கள் இருமலை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

இது தெரிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் வெளியாள் முன்னால் இருமமாட்டார்கள். மரியாதைக்கு அடக்கிக்கொள்வார்கள். வித்யா வரும்போது எல்லோரும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பிள்ளையின் வேலை என்ன ஆவது?

அதனால் அவள் வருவதற்கு முந்தின நாள் ஊரைக் கூட்டினேன்.

"வந்த புள்ள வெறுங்கையோட போகக் கூடாது. அவங்கவங்க இருமல அடக்காம இருமுங்க. கூச்சப்படாதீங்க."

அவ்வளவுதான் சொன்னேன். எங்கள் ஜனங்கள் விருந்தாளி விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டமாட்டார்கள். வித்யா ஊருக்குள் காலை வைத்ததும் முதல் வீட்டில் ஆரம்பித்தது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஆயுசில் இருமாத எங்கள் வீட்டுக்காரர் வெள்ளாட்டுக் கிடா மாதிரி இருமினார். மாட்டுக் கொட்டகையில் மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது.

எனக்கு இருமல் கிடையாது. அன்றைக்கு வந்தது முந்தின நாள் ஒத்திகை பார்த்ததில் வந்தது.

வித்யா பயந்துபோய் மறுநாளே டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாள். டாக்டர் எல்லோர் நெஞ்சிலும் வைத்துப் பார்த்தார். என் நெஞ்சில் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்தார். வயசானவர்களுக்கு மரியாதை தெரிந்தவர்.

மீனா வைத்த நிபந்தனை

இப்படி ஊரே வள்ளமாக இருந்தபோதுதான் சின்னராசுவுக்குப் பெண் அமைந்தது.

அவனுக்குப் பெண் தேடியதை எழுதினால் அது தனியாக ஒரு தொடர் ஆகும். நல்ல பையன். மிளகுக் கொடியில் ஏறினால் அணில். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் வாயைத் திறந்தால் மிளகு விலையைத் தவிர ஒன்றும் வராது. தலையில் முன்பக்கம் முடியும் போய்விட்டது.

கருப்பாயியின் மகள் மீனா தையல் கடை வைத்திருக்கிறாள். அவளாகத்தான் அவனைப் பிடித்திருக்கிறது என்றாள். "மிளகு வெலையாச்சும் உண்மையாச் சொல்றாருங்க. முன்ன வந்தவங்க சொன்னதெல்லாம் பொய்யி" என்றாளாம். சின்னராசு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. சிரித்துக்கொண்டே இருந்தான்.

எங்கள் மலையில் பரிசம் கொடுப்பது மாப்பிள்ளை வீடு. பெண் வரும்போது தாய்வீட்டுச் சீராகச் சமையலுக்கு ஒரு சாமான் கொண்டுவருவாள். பானையோ, அண்டாவோ, உரலோ, அது அவள் இஷ்டம். அதை மாமியார் வாசலில் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்காமல் விட்டால் பெண்ணையே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம்.

மீனா கேட்டது அவள் வீட்டுக்கு வந்த அந்த அடுப்பு.

நிச்சயம் பேசும்போது நான் எடுத்துச் சொன்னேன். "கண்ணு, அண்டா கொண்டா. குக்கர் கொண்டா. மிக்ஸி கொண்டுவந்தாக்கூடச் சரி, நான் அந்தப் புள்ளைகிட்டப் பேசிக்கறேன். அடுப்பு மட்டும் வேண்டாம். நாங்க வாக்குக் குடுத்திருக்கோம்."

"இல்லீங்க அத்தை. எனக்குப் பொகையில கண்ணு எரியுதுங்க. நாள் முச்சூடும் ஊசியில நூல் கோக்கற கண்ணுங்க இது. அடுப்பு வந்தா நானும் வாரேன்."

"ரெண்டு வருசம் முடிஞ்சா எங்களுக்கே வருமுல்ல?"

"அப்ப ரெண்டு வருசம் முடியட்டுங்க. அப்பறமா வாரேன்."

சின்னராசு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குள் அவன் தலையில் மிச்சமிருக்கும் முடியும் போய்விடும் என்று மட்டும் தெரிந்தது.

கருப்பாயி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள். "நாங்க சாமைதானுங்க சம்பந்தி. வள்ளத்துல வந்து விழறது எங்க வழக்கமுங்க."

சந்தையில் நான் சொன்னதை அவள் இத்தனை மாசம் மென்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

அன்றைக்கு ஒன்றும் முடிவாகவில்லை. முகூர்த்தம் மட்டும் குறித்தோம். கல்யாண வேலையில் அவர்கள் மனசு மாறிவிடும் என்று நான் நம்பினேன். நான் மசிந்துவிடுவேன் என்று அவர்கள் நம்பினார்கள்.

எலுமிச்சம்பழம் பிடித்தவர்

இப்போது கருப்பாயியைக் கழுத்து வலியோடு வாசலில் விட்டோமே, அங்கே திரும்பி வருவோம்.

"சம்பந்தி, சீர் வாங்குங்க."

"எறக்கி வெய்யுங்க, பேசிக்கலாம்."

"நீங்க கை நீட்டாம எறக்கற பழக்கம் எங்கூட்டுல இல்லீங்க."

"கழுத்து வலிக்குமுங்க."

"அது என்ற கழுத்துங்க."

பின்னாலிருந்து கல்யாணப் பெண் குரல் கொடுத்தாள். "அம்மா, பாத்து, கொழாய் வாழமரத்துல மாட்டுது."

அதற்குள் ஜீப் வந்து நின்றது. வித்யா இறங்கினாள். அவள் பின்னால் ஃபவுண்டேஷன் தலைவர். மெத்தை விற்றவரின் பேரன். மலையின் வளைவுகள் அவரை ஒரு வழி செய்துவிட்டிருந்தன. முகம் வெளுத்து, மூக்கருகே பாதி எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் மாறாத ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தாராம். அன்றைக்கு எங்கள் வீட்டில் கல்யாணம் என்று வித்யாவுக்குத் தெரியும். கல்யாணத்தில் அடுப்பு வரும் என்று தெரியாது.

பந்தலையும் மேளத்தையும் கூட்டத்தையும் பார்த்து, எல்லாம் தன்னை வரவேற்க என்று அவர் நினைத்துக்கொண்டார். எலுமிச்சம்பழத்தோடு கையைக் குவித்து எல்லாப் பக்கமும் கும்பிட்டார். வந்தவரை வெறுமனே நிறுத்தக் கூடாது என்று யாரோ மாலையும் போட்டுவிட்டார்கள். அது மாப்பிள்ளைக்கு வைத்திருந்த மாலை.

அப்புறம்தான் அவர் கருப்பாயியின் தலையைப் பார்த்தார்.

"இது நம்ம அடுப்பு மாதிரி இருக்கே?"

"மாதிரி இல்லீங்க. அதேதானுங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரர். வாழ்நாளில் யாரும் கேட்காமல் அவர் பதில் சொன்னது அந்த ஒருமுறைதான்.

தலைவர் திரும்பி, "வித்யா, இது இந்த ஊருக்கு வரக் கூடாதே?" என்றார்.

வித்யா பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் வேலை போகிற சத்தம் எனக்குக் கேட்டது மாதிரி இருந்தது.

கருப்பாயி தொண்டையைச் செருமினாள். "வாங்கறீங்களா, இல்ல பொண்ணக் கூட்டிக்கிட்டு எறங்கட்டுங்களா?"

மேளம் நின்றுவிட்டது. சின்னராசு தலைப்பாகையோடு, மாலை இல்லாத கழுத்தோடு நின்றான். கையில் வளர்ந்த பிள்ளை ஒரு பக்கம். கையில் அடித்துக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். நான் இரண்டு அடி முன்னால் போனேன்.

"ஏனுங்க சாமி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். எங்க ஊருக்கு நீங்க போட்ட மொத உத்தரவு என்னங்க?"

"உத்தரவெல்லாம் இல்லம்மா... எப்பவும் போல இருங்கன்னு..."

"எப்பவும் போல. ஆமாங்க. அதுக்கோசரம் எங்க ஊட்டுக்காரரு செருப்பே போடாம நடக்கறாருங்க." வீட்டுக்காரர் காலைத் தூக்கிக் காட்டினார். "இந்த ஊருக்கு வந்த மருமக எவளாச்சும் தாய்வீட்டுச் சாமான் இல்லாம வந்திருக்காளான்னு கேளுங்க. வாசலுக்கு வந்த சீர நாங்க என்னைக்காச்சும் திருப்பியிருக்கமான்னு கேளுங்க. இன்னைக்கு நான் இதத் திருப்பினா, அதுதானுங்க இந்த ஊர்ல புதுசு. உங்க ஆராய்ச்சி கெட்டுப்போயிருமுங்க. அதுக்கு நான் உடமாட்டேன்."

சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினேன். கருப்பாயி தலையைக் குனிந்தாள். அவள் குனிந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுப்பு என் கைக்கு வந்தது. அது இவ்வளவு கனம் என்று யாரும் சொல்லவில்லை. நான் பின்னால் சாயப் போனேன். ஒரு பக்கம் மீனா பிடித்தாள். இன்னொரு பக்கம் ஓடி வந்து பிடித்தது வித்யா.

மேளக்காரர்கள் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை.

தலைவர் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். சத்தம் அடங்கியதும் கேட்டார். "இந்த ஊருக்கு அந்த ஊர்லேர்ந்துதான் பொண்ணு எடுப்பீங்களா?"

கூட்டத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"நான் அங்கதானுங்க." "என்ற மாமியாரும் அங்கதானுங்க." "எங்க அக்காவுங்க." கை ஒவ்வொன்றாக எழுந்தது.

நானும் கையைத் தூக்கினேன். "நானே அந்த ஊர்ப் பொண்ணுதானுங்க. கருப்பாயி ஊட்டுக்கு அடுத்த ஊடு."

தலைவர் வித்யாவைப் பார்த்தார். "இதை யாரும் எங்கிட்டச் சொல்லலையே?"

"நான் சொன்னேன் சார். சீட்டுப் போடறதுக்கு முன்னாடியே, ரெண்டும் சம்பந்தி ஊருன்னு சொன்னேன். 'கல்யாணம் குடும்ப விஷயம், நம்மது அடுப்பு விஷயம்'னீங்க."

அவர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்ததில் வயிறு கலங்கிவிட்டது. பந்தலுக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. மாலையைக் கழற்றிச் சின்னராசுவின் கழுத்தில் போட்டுவிட்டு, பந்தியில் எங்களோடு உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிட்டார். மறுசோறும் வாங்கினார்.

ஒரே வீட்டில் இரண்டு ஊர்

வித்யாவின் வேலை போகவில்லை. ஆராய்ச்சிதான் மாறிவிட்டது. ஒரு அடுப்பு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கல்யாணத்தின் வழியாக எப்படி நடந்து போகிறது என்பதுதான் இப்போது அவள் வேலை. குண்டனி நாட்டில் ஒரு கல்யாணம் என்றால் தாலி கட்டுவதற்கு முன்னால் அவள் போய் நிற்கிறாள். பந்தியில் அவளுக்கு ஒரு இலை எப்போதும் உண்டு. உடம்பு கொஞ்சம் பூசியிருக்கிறது.

எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் இப்போது இரண்டு அடுப்பு. ஒரு மூலையில் மீனாவின் சிவப்பு அடுப்பு. எதிர் மூலையில் என் மண் அடுப்பு. நான் என் அடுப்பை விடவில்லை. அவளும் என்னை விடச் சொல்லவில்லை. இரண்டு பேரும் களி கிண்டுவோம். வீட்டுக்காரர் இரண்டிலும் சாப்பிட்டுவிட்டு, எது நல்லது என்று கேட்டால் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

போன முறை வித்யா வந்தபோது பழைய ஞாபகத்தில் மீனாவிடம் கேட்டாள். "இந்த அடுப்பால மிச்சமாகற நேரத்துல என்ன பண்றீங்க?"

"அத்தையோட ஊதாங்குழலத் தேடிக் குடுக்கறேனுங்க" என்றாள் மீனா.

ஊதாங்குழல் எப்படி இத்தனை தடவை தொலைகிறது என்று எனக்கும் புரியவில்லை. போன வாரம் அது சின்னராசுவின் மிளகு மூட்டைக்குள் கிடந்தது.

வித்யா சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இனிமே ரெண்டு ஊர் வேண்டாம் ஆயா. அளக்கறதுக்கு உங்க அடுப்பங்கரையே போதும். நீங்க மட்டும் எப்பவும் போல இருங்க."

ஆக நான் இன்னும் வள்ளம்தான். இதைக் கருப்பாயியிடம் யாராவது சொல்லிவிட வேண்டும். எழுதியதே அதற்காகத்தான்.

அனிதா, வா கண்ணு. எழுதினது போதும், முதலிலிருந்து ஒரு தடவை வாசித்துக் காட்டு. சத்தமாக வாசி. மீனா அடுப்பங்கரையில் இருக்கிறாள், அவள் காதில் விழட்டும். விழுந்தால் ராத்திரிக்குள் அவள் அம்மா காதுக்குப் போய்விடும். நடுவில் நான் இருமினால் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காதே. அது வித்யாவுக்காக இருமுவது. பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். ம், வாசி.